பூந்தமல்லியில் நான் கண்டுபிடித்த மலை

முதுகலை படிக்கிற பையனிடம் "என்னப்பா படிக்கிறே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தொடங்கிவிடுவான். தப்பித்துப் போக உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கலாம். அவனுக்கு இருக்காது.

எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. நான் படித்தது நீர்வளப் பொறியியலில் முதுகலை. அதிலும் கணினி மாதிரி உருவாக்குவது என் பிரிவு. ஓர் ஊரின் மேடு பள்ளங்களைக் கணினிக்குள் அப்படியே செய்து வைத்துக்கொண்டு, அதன்மேல் கணினி மழையைப் பெய்யவிட்டு, தண்ணீர் எந்தத் தெருவில் ஓடும், யார் வீட்டுக்குள் சொல்லாமல் நுழையும் என்று பார்ப்பது. சுருக்கமாகச் சொன்னால், சட்டை நனையாமல் வெள்ளம் பார்க்கிற படிப்பு.

இதை எங்கள் தெருவில் நான் விளக்காத ஆள் இல்லை. புரிந்துகொண்ட ஆளும் இல்லை. டீக்கடை அண்ணாத்தே, "கம்ப்யூட்டர்ல தண்ணி உட்டா ஷாக் அடிக்காதா நைனா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எதிர்வீட்டு அக்கா, தன் வீட்டு போர் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, வந்து பார் என்று கூப்பிட்டார். (போய்ப் பார்த்தேன். அதுவரை சத்தமாவது போட்டுக்கொண்டிருந்த மோட்டார், அதையும் நிறுத்திவிட்டது.) என் அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் "தண்ணி சம்பந்தமா படிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி, கல்யாண வீடுகளில் தண்ணீர் பாட்டில் அடுக்கும் பொறுப்பு எனக்கே நிரந்தரமாக வந்து சேர்ந்தது.

இவர்களுக்கெல்லாம் புரியாவிட்டால் போகிறது. கட்டாயம் புரியவைத்தே ஆகவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். ஷாஜஹான் மாமா.

ட்ரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. மெல்ல இறங்கி, கடைசியில் ஒரு மழைநீர்க் கால்வாயில் போய் முடியும். தெருவின் நடுவில் மாமாவின் பீரோ பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு, வீட்டில் பர்வீன். மாமாவின் இரண்டாவது மகள். பட்டறைக்கு பில் போடுவதும், கடன் கேட்கிறவர்களைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவதும் அவள்தான். எனக்கும் அவளுக்கும் இடையில் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்திருந்தது. மாமா "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

என் அம்மா போய்க் கேட்டுப் பார்த்தார். மாமா யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "பையன் நல்ல பையந்தான் தங்கச்சி. ஆனா இன்னா படிக்கிறான்னே புரியலையே. நாலு பேரு மாப்ள இன்னா பண்றாருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? எனக்கு ஒரு தபா புரியற மாதிரி அவனே சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

பர்வீன் போனில் எச்சரித்தாள். "ஒரே ஒரு தபாதான் சான்ஸு. இங்கிலீஷ்ல எதுவும் எடுத்து உடாதே. எங்க அத்தாவுக்குப் படமா காட்டு."

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் தெருவையே என் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது. மாமா வீட்டையே மாமாவுக்குப் படம் காட்டுவது.

தெருவின் உயரங்களை அளக்கத் துறையில் ஒரு ட்ரோன் இருந்தது. மேலே பறந்து படங்கள் எடுக்கும். அந்தப் படங்களிலிருந்து கணினி ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளும். அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. எனக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பர்வீனின் அக்கா ரஹிமாவின் கல்யாண விருந்தும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். வேறு தேதி வாங்கியிருக்கலாம். என் வழிகாட்டிப் பேராசிரியையும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. விருந்து நாளில் பர்வீன் பட்டுப் புடவையில் மாடியில் நிற்பாள், நான் எதிர் மாடியில் விஞ்ஞானி போல நின்று ட்ரோன் பறக்கவிடுவேன் என்ற காட்சி என் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரோன் ஓட்ட வந்தவன் என் வகுப்புத் தோழன் குமரேசன். சேக்காட்டுக்காரன்.

"மச்சான், கீழ கல்யாணம் நடக்குதுடா. ஜனம் நிக்குது. இன்னொரு நாள் வச்சிக்கலாமே" என்றான்.

"அதுக்குத்தாண்டா இன்னிக்கு" என்றேன்.

அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கியிருந்தோம். ட்ரோன் எழும்பியதும் மொத்தக் கல்யாணமும் அண்ணாந்து பார்த்தது. கல்யாண வீடியோ எடுக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரும் கையாட்டினார்கள். ஒருவர் அவசரமாகச் சீப்பை எடுத்துத் தலை வாரினார். மாமாவே இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். பர்வீன் மட்டும் கையாட்டவில்லை. என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். (அதை நான் அன்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.)

வேலை முடிந்ததும் கீழே இறங்கினோம். மாமா வீட்டை ஒட்டி, தெருவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பெரிய தகரப் பந்தல். அதற்கடியில் வரிசையாக மேசைகள். பிரியாணி, தால்சா, கத்திரிக்காய், பிரெட் அல்வா. வழக்கம்போலத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்துவிட்டு, நானும் குமரேசனும் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தோம். வெயிலே தெரியவில்லை. "பந்தல் நல்லா போட்டுகிறாங்கடா, ஹாலாட்டம் கீது" என்று குமரேசன் பாராட்டியதுகூட நினைவிருக்கிறது. நானும் அண்ணாந்து பார்த்து ஆமோதித்தேன்.

அடுத்து வந்த வாரங்களில் தெருவைக் கணினிக்குள் கட்டினேன். இதில் ஒரு நுட்பம் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது தெருவில் நிற்கிற பைக், ஆட்டோ, குப்பைத்தொட்டி எல்லாமே சிறு சிறு மேடுகளாகப் பதிவாகிவிடும். அவற்றை நீக்கினால்தான் உண்மையான தரை கிடைக்கும். அதற்காக நான் ஒரு விதி எழுதினேன்: லாரியை விடச் சின்ன மேடு எதுவாக இருந்தாலும் அழித்துவிடு. கணினி சொன்ன பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் அழித்தது. லாரியை விடப் பெரிய ஒன்றை மட்டும் மரியாதையாக விட்டுவைத்தது.

ட்ரோன் எடுத்த படங்களை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. படம் பார்ப்பதெல்லாம் இளங்கலைக்காரர்கள் வேலை என்பது அப்போது என் கருத்து. நாங்கள் எண்களைப் பார்ப்பவர்கள்.

மழையைப் பெய்யவிட்டேன். நீலத் தண்ணீர் தெருவின் மேல்கோடியிலிருந்து அழகாக இறங்கி வந்தது. மாமா வீட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றது. தேங்கியது. ஏறியது. பட்டறை ஷட்டரின் பூட்டைத் தொட்டது, மேலும் ஏறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடினேன். மாமனார் ஆகப்போகிறவரின் வீடு மூழ்குவதைப் பார்த்து ஆட்டம் போட்ட மாப்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில் சாலை, ஆள் உயரத்தையெல்லாம் தாண்டி ஒரு மலை போல எழும்பி நின்றது. காரணமும் உடனே கண்டுபிடித்தேன்: பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டுச் சாலை போட்டு உயர்ந்துவிட்டது! அந்த உயரத்துக்குச் சாலை இருந்தால் மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகவே ஷேர் ஆட்டோவில் ஏறலாமே என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியூரிலிருந்த பேராசிரியை போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நேர்ல போய்ச் சரிபார்த்தாச்சா?"

"அந்தத் தெருவிலதான் மேடம் நான் பொறந்ததே" என்றேன்.

தெருக் கூட்டம் மாமாவின் பட்டறையிலேயே கூடியது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று டிவியில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். திரை இல்லாததால் ஒரு பெரிய பீரோவின் முதுகில் படத்தைக் காட்டினேன். எங்கள் தெரு பீரோவில் தெரிந்ததும் ஒரே கூச்சல். "அதோ நம்ம ஊடு!", "அது எங்குளுதுபா, மாடில டேங்க் கீது பாரு!" தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் விசில் பறந்தது. எதிர்வீட்டு அக்கா வீட்டில் வெள்ளம் நுழைந்தபோது அந்த அக்காவே கைதட்டினார்.

மாமா மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் பட்டறை ஷட்டரில் ஏறியதும் எழுந்துவிட்டார்.

"தம்பி, நிறுத்து. பட்டற முழுவிடுமா?"

"முழுவிடும் மாமா" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

"எவ்ளோ உசரத்துக்கு?"

"பீரோவுக்கு மேல."

கூட்டம் "அய்யோ" என்றது. மாமா வாழ்க்கையில் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். "இதத்தான் படிக்கிறியா? அடப்பாவி, இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?" படிக்கட்டில் நின்றிருந்த பர்வீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு அந்த நிமிடமே காதில் நிக்காஹ் ஓதுவது கேட்டது.

புது அடுக்குமாடியில் குடியிருக்கிற ஐடி கம்பெனிக்காரர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "தம்பி, நான் தெனமும் அந்த வழியாத்தான் வண்டியில போறேன். மேடு ஒண்ணையும் காணலியே?"

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியாது சார். அது படிப்படியான சரிவு. மாடலுக்குத்தான் தெரியும்."

அவர் தன் கண்களையே சந்தேகப்பட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எங்கள் தெரு மாடியேறியது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அரிசி மூட்டை எல்லாம் மேலே போயின. பட்டறையில் விற்பனைக்கு இருந்த பீரோக்கள் அத்தனையையும் மாமா தன் வீட்டுக்கு ஏற்றினார். படிக்கட்டு குறுகல் என்பதால் கைப்பிடிக் கம்பியையே அறுத்து எடுத்தார்கள். கூடம், படுக்கையறை, சமையலறை வாசல் எங்கும் பீரோ. வீட்டுக்குள் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். பர்வீனின் அம்மா, "தண்ணி வர்றதுக்கு முன்னாடி நான் மூச்சு முட்டியே பூடுவேன் போல கீதே" என்று ஒரு பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் எந்தப் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

காற்றழுத்தத் தாழ்வு வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் சுள்ளென்று வெயில். ஆனால் மாமா விடுவதாக இல்லை. "மேட்ட வெட்டி எடுத்தாத்தான் நிம்மதி" என்று நகராட்சியில் மனுக் கொடுத்து, ஒரு பெண் பொறியாளரைக் கையோடு அழைத்தே வந்துவிட்டார்.

மடிக்கணினியைத் திறந்து ஏந்திக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் பொறியாளர், மாமா, செய்தி கேட்டு வந்திருந்த குமரேசன், அப்புறம் மொத்தத் தெருவும். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"கொஞ்சம் முன்னாடி மேடம்... இன்னும் கொஞ்சம்... இதோ, இங்கதான்."

நின்றோம். பலகை போலத் தட்டையான சாலை. நடுவில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"மேடு?" என்றார் பொறியாளர்.

நான் மடிக்கணினியைப் பார்த்தேன். ஆட்டைப் பார்த்தேன். "படிப்படியான சரிவு மேடம்" என்றேன்.

மாமா போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் ஊற்றினார். அந்தத் தண்ணீர் சற்றும் தயங்கவில்லை. என் காலை நனைத்தது, ஆட்டைச் சுற்றிக்கொண்டது, என் மலையின் மீது ஜம்மென்று ஓடிக் கால்வாயில் போய் விழுந்தது.

அப்போதுதான் கவனித்தேன். சாலையின் இரு ஓரங்களிலும் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். குழி தோண்டி, பிறகு சிமெண்ட் பூசி மூடிய அடையாளம். என் மலை எங்கே தொடங்கியதோ அங்கே தொடங்கி, எங்கே முடிந்ததோ அங்கேயே முடிந்தன. பந்தல்கால் நட்ட குழிகள்.

பின்னால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். குமரேசன். ட்ரோன் படத்தைத் தன் போனில் திறந்து வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். படத்தில் பளபளக்கும் தகரக் கூரை. அதன் பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும் மாமா.

ஓடிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. பெங்களூர் பஸ்கள் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் மாடியில் பர்வீன் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா... அது மேடு இல்ல."

"பின்ன?"

"ரஹிமா அக்கா கல்யாணப் பந்தலு."

ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது.

மாமா நிதானமாகக் கேட்டார். "அன்னிக்கு நீ எங்க துன்னே?"

"பந்தல்ல, மாமா."

"பந்தலா? அங்கதான் மலையாச்சே. எங்க குந்திகினு துன்னே?"

"...மலைக்கு அடியில."

வெடித்த சிரிப்பில் மெட்ரோ தூண்களே ஆடியிருக்கும். திருநெல்வேலிக்காரர் தன் கண்களில் கோளாறு இல்லை என்ற ஆனந்தத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். பொறியாளர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏற்கெனவே பிரிச்ச பந்தலை அகற்ற நான் எப்படிங்க உத்தரவு போடுறது?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பும்வரை அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

மாமா சிரிக்கவில்லை. என்னைக் கடந்து நடந்து, மாடிப்படி ஏறிப் போய்விட்டார். என் கைக்கு எட்டியிருந்த "சரி" கால்வாயில் போய் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாடியிலிருந்து பர்வீனின் குரல் கேட்டது. "அங்க இன்னா வேடிக்க? மேல கீற பீரோவெல்லாம் யாரு எறக்குறது?"

அன்று முழுவதும் நானும் குமரேசனும் பீரோ இறக்கினோம். ஏற்றுவதை விட இறக்குவது கொடுமை. மாமா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கம் பிடித்து வழிகாட்டினார். சாயங்காலம் கடைசியாக மிச்சமிருந்தது ஒரு பெரிய இரட்டைக் கதவு பீரோ. குமரேசன் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பவில்லை. (இடுப்பு பிடித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னான்.) நானும் மாமாவும் மட்டும் தூக்கினோம். படிக்கட்டு வளைவில் பீரோ சிக்கிக்கொண்டது. மேலே நான், கீழே மாமா. அவர் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. நான் அசைத்தால்தான் அவர் வெளியே வர முடியும்.

"டேய், உட்றாதே!"

"உடமாட்டேன் மாமா."

சிறிது நேரம் இருவரும் மூச்சு வாங்கினோம். பிறகு பீரோ மெல்ல நடுங்கத் தொடங்கியது. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வழிய.

"மலைக்கு அடியில குந்திகினு... தால்சா வேற கேட்டு வாங்கிக்கினான்..."

"மாமா, சிரிக்காதீங்க, பீரோ ஆடுது!"

"இப்பத்தாண்டா எனக்கு உன் படிப்பே புரிஞ்சிச்சு. எவன் கேட்டாலும் இனிமே பளிச்சினு சொல்லிடுவேன்."

என் மூளை அன்று செய்த ஒரே நல்ல காரியத்தை அப்போதுதான் செய்தது. "புரிஞ்சா பாக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னீங்களே மாமா. பர்வீன் விஷயம் இன்னா ஆச்சு?"

"மொதல்ல பீரோவத் திருப்பு!"

"நீங்க சரின்னு சொன்னா, லேசா லெஃப்ட்ல திருப்புறேன்."

"அடேய்! கை வலிக்குதுடா!"

"எனக்கும்தான் வலிக்குது மாமா."

மேல்படியிலிருந்து பர்வீன் எட்டிப் பார்த்தாள். "அத்தா, சரின்னு சொல்லித் தொலைங்களேன். பீரோ கீறல் உழுந்துடப் போவுது."

"சரிடா! சரி! சரி! திருப்பு!"

திருப்பினேன்.

பந்தலை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட்டபோது, தண்ணீர் எங்கும் நிற்காமல் நேராகக் கால்வாய்க்குப் போனது. பேராசிரியை முடிவுகளை முழுக்கப் படித்துவிட்டு, "ஆக, மழை பெஞ்சா தண்ணி ஓடும்னு கண்டுபிடிச்சிருக்கே" என்றார். இருந்தாலும் பட்டம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் இதே வேலைதான். ட்ரோன் படம் வந்ததும் முதலில் படத்தைத் திறப்பேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கப் போவேன்.

மாமா இன்றைக்கும் விருந்தாளிகளிடம், தன்னைச் சுவரோடு வைத்து நசுக்கித்தான் இந்தப் பையன் சம்மதம் வாங்கினான், அது செல்லாது என்று வாதாடுவார். பேரனை மடியில் வைத்துக்கொண்டுதான் வாதாடுவார்.

பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தட்டையான இடத்துக்கு இப்போது பெயரே 'மலை'தான். ஷேர் ஆட்டோவில் "மலையாண்ட நிறுத்து" என்றால் சரியாக நிறுத்துவார்கள். சாப்பாடு கொண்டு வருகிற பையன்கள் போன் செய்து, "மலை ஏறிட்டேன் சார், எந்த ஊடு?" என்று கேட்கிறார்கள். போன வாரம் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தெரு முழுக்க நடந்து பார்த்துவிட்டாராம், ஒரு சின்ன மேடுகூடத் தெரியவில்லையாம். இங்கே உண்மையிலேயே மலை இருந்ததா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பர்வீன் சொன்னாள்:

"இருந்துச்சுங்க. எல்லாரும் சாப்ட்டு எழுந்ததும் பிரிச்சிட்டாங்க."